டிம்மரைக் குறைத்தால் எல்இடி விளக்குகள் இரைகின்றன: எந்த டிம்மர் வாங்குவது?

மங்கலொளி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கூடத்தில் ஃபால்ஸ் சீலிங்கில் 8 விளக்குகள் இருக்கின்றன. முன்பு எல்லாமே 50 வாட் ஹாலோஜன். அண்மையில் எட்டையும் 7 வாட் எல்இடியாக மாற்றினோம். டிம்மரில் போடலாம் என்று பல்பு அட்டையில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. சுவரில் உள்ள டிம்மர் மட்டும் பழையதுதான்.

முழு வெளிச்சத்தில் எந்தச் சத்தமும் இல்லை. குமிழைப் பாதிக்குத் திருப்பினால் ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல். இன்னும் இறக்கினால் இரைச்சல் குறைகிறது, ஆனால் ஒன்றிரண்டு விளக்குகள் துடிக்க ஆரம்பிக்கின்றன. அம்மா இரவில் கூடத்தில்தான் படுப்பார். இருட்டில் எழுந்து நடக்கக் கொஞ்சம் வெளிச்சம் இருக்க வேண்டும், அதற்காகத்தான் டிம்மரே. இந்தச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

டிம்மரின் உலோகத் தகட்டில் 60 முதல் 400 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. எதை மாற்ற வேண்டும், எப்படிப்பட்டதை வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி

வாங்குவது அப்புறம். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவிட்ச் போர்டிலிருந்தா, விளக்கிலிருந்தா? பழைய டிம்மருக்குள் சோக் என்ற ஒரு சிறிய கம்பிச்சுருள் இருக்கும், அதுவே இரைவது உண்டு. அமைதியான நேரத்தில் குமிழைச் சத்தம் அதிகமாக இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்து, முதலில் போர்டுக்கு அருகில், பிறகு ஏணியில் ஏறி விளக்குகளுக்கு அருகில் கேளுங்கள். போர்டைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து கேட்டாலே போதும்.

இன்னொன்று. ஒரு பழைய ஹாலோஜன் பல்பு கைவசம் இருந்தால், எட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டு அதை மாட்டிப் பாருங்கள். துடிப்பு நிற்கிறதா, சத்தம் நிற்கிறதா, இரண்டுமா என்று தனித்தனியாகக் கவனித்துச் சொல்லுங்கள். அதில் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் சொல்வது ஒரே சீரான ரீங்காரம். அப்படி இல்லாமல் ‘சட் சட்’ என்று விட்டுவிட்டுத் தெறிக்கும் சத்தமோ, தீய்ந்த வாடையோ போர்டிலிருந்து வந்தால் அது வேறு விஷயம். எங்கோ இணைப்பு தளர்ந்து பொறி பறக்கிறது. உடனே எம்சிபியை (மெயின் பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிட்டு ஆளை அழையுங்கள்.

தேக்குமேசை

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. டிம்மரைத் தொடவே இல்லை, பல்பை வேறு கம்பெனிக்கு மாற்றினோம், சத்தம் போய்விட்டது. பல்புதான் குற்றவாளி.

அரைச்சுற்று

தேக்குமேசை சொல்வது அவர் வீட்டில் நடந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே பல்பை வேறொரு டிம்மரில் போட்டால் சத்தமே இல்லாமல் எரியலாம். தனியாகப் பல்பு இரைவதில்லை, தனியாக டிம்மரும் பெரும்பாலும் இரைவதில்லை. இரண்டும் சேரும்போதுதான் இரைகிறது. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது, சில நாடுகளில் 60 முறை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நேர்ப்பாதி, ஓர் எதிர்ப்பாதி. ஆக நொடிக்கு 100 அரைச்சுற்றுகள். சுவர் டிம்மர் வோல்டேஜைச் சீராகக் குறைப்பதில்லை. ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரு துண்டை வெட்டி எறிகிறது, மீதியை மட்டும் விளக்குக்கு அனுப்புகிறது.

பழைய டிம்மரில் இருப்பது ட்ரையாக் என்ற மின்னணு சுவிட்ச். அது அரைச்சுற்றின் முன்பகுதியை வெட்டும். அதாவது அரைச்சுற்று தொடங்கும்போது திறக்காமல், நடுவில் சட்டென்று திறக்கும். இதைத்தான் பெட்டிகளில் லீடிங் எட்ஜ் என்று போடுகிறார்கள். 230 வோல்ட் என்கிறோமே, அதன் உச்சி ஏறக்குறைய 325 வோல்ட். குமிழ் பாதியில் இருக்கும்போது ட்ரையாக் திறப்பது கிட்டத்தட்ட அந்த உச்சியில். பூஜ்யத்திலிருந்து 325 வோல்ட்டுக்கு ஒரே தாவல், நொடிக்கு 100 முறை!

குண்டு பல்புக்கு இது பொருட்டே அல்ல. சூடான இழை அவ்வளவு வேகமாக ஆறவும் காயவும் செய்யாது. (அதன் இழைகூட இந்த அடியில் லேசாகப் பாடும், பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.) எல்இடி பல்புக்குள் இருப்பதோ ஒரு சிறிய மின்சுற்று, டிரைவர் என்பார்கள். அதன் வாசலிலேயே ஒரு கெப்பாசிட்டர். 325 வோல்ட் திடீரென்று வந்து மோதினால் அந்தக் கெப்பாசிட்டர் ஒரே மடக்கில் மின்சாரத்தை இழுக்கும். அந்த இழுப்பில் டிரைவரில் உள்ள காயில் (கம்பிச்சுருள்) அதிர்கிறது. செராமிக் கெப்பாசிட்டர்கள் வோல்டேஜ் மாறும்போது மயிரிழை அளவுக்கு உருவம் மாறக்கூடியவை, அவையும் அதிர்கின்றன. நீங்கள் கேட்பது அந்த 100 ஹெர்ட்ஸ் அதிர்வையும் அதன் மடங்குகளையும்தான். விளக்கின் தகரக் கிண்ணமும் சீலிங் பலகையும் வீணையின் குடம் மாதிரி அதைப் பெரிதாக்கிக் கொடுக்கின்றன.

முழு வெளிச்சத்தில் சத்தம் இல்லாததும், பாதியில் உச்சத்துக்குப் போவதும், இன்னும் இறக்கினால் குறைவதும் இதோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன. முழுதாக வைத்தால் தாவல் மிகச் சிறியது. பாதியில் தாவல் மிகப் பெரியது. மேலும் இறக்கினால், அரைச்சுற்று முடியப் போகும் சரிவில் திறப்பதால் தாவல் மறுபடி சிறுத்துவிடுகிறது.

தேக்குமேசை

சரி, அப்படியானால் நான் வாங்கிய பல்பில் உள்ள டிரைவர் அந்தத் தாவலைத் தாங்கும்படி செய்யப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அரைச்சுற்று

ஆமாம். நல்ல டிரைவரில் நுழைவாயிலிலேயே அந்த இழுப்பைத் தணிக்கும் பாகங்கள் இருக்கும், காயிலையும் பசை ஊற்றி அசையாமல் இறுக்கியிருப்பார்கள். விலை குறைந்தவற்றில் முதலில் கழித்துக்கட்டப்படுவது இவைதான்.

மங்கலொளி

செம்புக்கம்பி அண்ணா, சொன்னபடி பார்த்தேன். சத்தம் பெரும்பாலும் மேலே விளக்குகளிலிருந்துதான் வருகிறது. எட்டும் ஒரே மாதிரி இல்லை. சோபாவுக்கு மேலே உள்ள இரண்டும் ரொம்ப அதிகம், மற்றவை மெல்ல. போர்டிலும் காதை ஒட்டி வைத்தால் லேசாகக் கேட்கிறது.

பழைய ஹாலோஜன் ஒன்றை மாட்டியதும் துடிப்பு சுத்தமாக நின்றுவிட்டது. சத்தம் கொஞ்சம் தணிந்தது போலத் தெரிகிறது, ஆனால் நிற்கவில்லை.

செம்புக்கம்பி

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒன்றல்ல, இரண்டு பிரச்சினை.

துடிப்பு வருவது லோடு, அதாவது டிம்மரில் மாட்டிய விளக்குகளின் மொத்த வாட், டிம்மருக்குத் தேவையான குறைந்தபட்சத்தைத் தொடாததால். டிம்மரில் 60 முதல் 400 வரை என்று இருக்கிறது, இல்லையா? 8 ஹாலோஜன் இருந்தபோது சரியாக 400 வாட். இப்போது எட்டும் சேர்ந்து 56 வாட்தான். முழு வெளிச்சத்திலேயே 60-ஐத் தொடவில்லை, குறைத்தால் கேட்கவே வேண்டாம். ட்ரையாக் திறந்தே இருக்க அதன் வழியே ஓரளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது குறைந்தால் பாதியிலேயே மூடிக்கொள்ளும், மறுபடி திறக்கும். அதுதான் துடிப்பு. 50 வாட் ஹாலோஜன் ஒன்று சேர்ந்ததும் லோடு 99 வாட் ஆனது, துடிப்பு நின்றது.

சத்தம் அரைச்சுற்று சொன்ன தாவலால் வருவது. லோடு ஏறியும் அது நிற்கவில்லையே.

அதனால் நீங்கள் வாங்க வேண்டியது ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர். இதில் ட்ரையாக்குக்குப் பதிலாக மாஸ்ஃபெட் என்ற வேறு வகை மின்னணு சுவிட்ச் இருக்கும். அரைச்சுற்று பூஜ்யத்திலிருந்து தொடங்கும்போதே திறந்திருக்கும், வோல்டேஜ் தன் போக்கில் ஏறும், நடுவில் எங்கோ மெதுவாக மூடும். கெப்பாசிட்டர் மீது திடீர் மோதல் இல்லை. டிரைவர் உள்ள விளக்குகள் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் ஒத்துவரும்.

பெட்டியைக் கையில் எடுத்ததும் வாட் வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் 400 என்று போட்டுவிட்டு எல்இடிக்கு 100 என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களுக்குப் பொருந்துவது அந்தச் சிறிய எழுத்துதான். எல்இடி தன் வாட்டைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை நொடிப்பொழுதில் இழுப்பதால்தான் இந்த வித்தியாசம். உங்கள் 56 வாட்டுக்கு எல்இடி அளவு 100 வாட் உள்ளது போதும். குறைந்தபட்ச லோடும் எல்இடிக்கென்று தனியாக எழுதியிருக்க வேண்டும். 5 அல்லது 10 வாட் என்றால் நிம்மதி. அந்த எண்ணே எழுதாத டிம்மரை நான் வாங்க மாட்டேன், வாங்கச் சொல்லவும் மாட்டேன்.

அப்புறம் ட்ரிம். நல்ல டிம்மரில் முகப்புத் தட்டைக் கழற்றினால் ஓரத்தில் ஒரு குட்டித் திருகோ சக்கரமோ இருக்கும். குமிழைக் கடைசிவரை இறக்கினாலும் வெளிச்சம் எதற்குக் கீழே போகக்கூடாது என்று அதில் அமைத்துவிடலாம். விளக்குகள் துடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். அமைத்த பிறகு ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, குமிழ் கீழேயே இருக்கும்படி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது நின்று எரியும் பல்பு, அணைத்துப் போட்டால் அதே இடத்தில் பற்றாமல் போகலாம்.

நியூட்ரல் பற்றியும் கேட்டு வையுங்கள். ஃபேஸ் கம்பியில் மட்டும் மாட்டும் டிம்மர், தான் வேலை செய்யத் தேவையான மின்சாரத்தை விளக்கு வழியாகவே எடுத்துக்கொள்ளும். விளக்கு சிறியதாக இருந்தால் அணைத்த பிறகும் லேசாக ஒளிரும். சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பி வந்திருந்தால் நியூட்ரல் சேர்க்கும் வகையை வாங்கலாம். வரவில்லை என்றால் டிம்மர் கம்பெனியே பைபாஸ் என்று ஒரு சின்ன உருப்படி கொடுக்கும், அதை விளக்குப் பக்கம் இணைத்தால் சரியாகும்.

மாட்டும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால் எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். டிம்மரை ‘அணைத்தால்’ போதும் என்று நினைக்கவே கூடாது.

பின்கட்டு

இடையில் ஒரு சந்தேகம். ஃபேன் ரெகுலேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே எல்இடி விளக்குக்குப் போட்டால் என்ன?

செம்புக்கம்பி

வேண்டாம். படிப்படியாகத் திருகும் ரெகுலேட்டருக்குள் கெப்பாசிட்டர்கள்தான் இருக்கும், மோட்டாரின் வேகத்துக்காகக் கணக்கிட்டவை. எல்இடி விளக்கு அதில் வெளிச்சம் குறையாமலே எரியும், அல்லது துடிக்கும், இல்லையென்றால் டிரைவரே போய்விடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக இருந்தால் உள்ளே ட்ரையாக், மங்கலொளி இப்போது படும் அதே பாடு. மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன், விளக்கு டிம்மரில் ஃபேனை மாட்டுவதும் தவறு. மோட்டார் சூடேறும், உறுமும்.

வைண்டிங்

செம்புக்கம்பி சொன்னதில் ஒரு திருத்தம் அல்ல, ஒரு சேர்க்கை. ட்ரெய்லிங் எட்ஜ்தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சில வீடுகளில் சீலிங்குக்குள் 12 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர் இருக்கும். அதிலும் இரும்புக் கோர் வைத்துச் சுற்றிய பழைய கனமான ட்ரான்ஸ்பார்மர் என்றால் ட்ரெய்லிங் எட்ஜ் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை நடுவில் வெட்டினால் சுருளிலிருந்து வோல்டேஜ் எகிறி அடிக்கும், மாஸ்ஃபெட் செத்துப்போகும். அதற்கு லீடிங் எட்ஜ்தான் சரி. அதே இடத்தில் எடை குறைந்த எலக்ட்ரானிக் ட்ரான்ஸ்பார்மர் இருந்தால் ட்ரெய்லிங் எட்ஜ். எது இருக்கிறது என்று தெரியாமல் டிம்மர் வாங்கினால் பணம் வீண். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும், இரும்புக் கோர் உள்ளது அளவுக்கு மிஞ்சிக் கனக்கும்.

இரண்டு விதத்துக்கும் மாற்றிக்கொள்ளும் யுனிவர்சல் டிம்மர்களும் வருகின்றன. சில தானே லோடைச் சோதித்து முடிவு செய்யும், சிலவற்றில் நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். தானே முடிவு செய்வது சில எல்இடிகளிடம் ஏமாந்து லீடிங் எட்ஜுக்குப் போய்விடுகிறது. நாமே தேர்ந்தெடுக்கும் வகைதான் என் விருப்பம்.

மங்கலொளி, உங்களுடைய ஹாலோஜன் நேரடி மின்சாரத்தில் எரிந்ததா, ட்ரான்ஸ்பார்மர் வழியாகவா?

மங்கலொளி

நேரடி. பல்பின் மேலேயே 230 வோல்ட் என்று இருக்கிறது.

வைண்டிங்

அப்போது கவலை இல்லை. ட்ரெய்லிங் எட்ஜ் வாங்குங்கள்.

அரைச்சுற்று

வாங்கும் முன் பல்பு கம்பெனியின் தளத்தில் ஒரு பட்டியல் தேடுங்கள். எந்த டிம்மரோடு எத்தனை பல்பு வரை சோதித்தோம் என்று பல கம்பெனிகள் வெளியிடுகின்றன. ‘டிம்மபிள்’ என்ற ஒரே சொல்லை நம்புவதைவிட அந்தப் பட்டியல் பல மடங்கு மேல். அந்தச் சொல் எந்த டிம்மரோடு, எவ்வளவு குறைவு வரை, சத்தம் வருமா என்று ஒன்றையும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 2013-இல் நேமா என்ற மின்சாதன உற்பத்தியாளர் அமைப்பு எஸ்எஸ்எல் 7ஏ என்ற தரத்தைக் கொண்டுவந்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான், டிம்மரும் எல்இடியும் குறைந்தபட்சம் இன்னின்னபடி ஒத்துப்போக வேண்டும் என்று வரையறுக்க. ஒரு பக்கம் மட்டும் அந்தத் தரத்தில் இருந்தால் பயனில்லை, இரண்டும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் அம்மாவுக்காகச் சொல்கிறேன். 10 சதவீதம் வரை குறையும் என்று பல்பில் எழுதியிருந்தால் அது மிக மங்கலாக இருக்கும் என்று தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு 10 சதவீதம் என்பது கண்ணுக்கு முப்பது சதவீதத்துக்கு மேல் தெரியும். படுக்கும் நேரத்துக்கு அது அதிகம். 1 சதவீதம் வரை குறையும் என்று எழுதிய பல்பும் அதற்கு ஈடுகொடுக்கும் டிம்மரும் வேண்டும். இல்லையென்றால் இரவு முழுக்க எரிய, டிம்மரோடு சேராத தனி விளக்கு ஒன்றைத் தரைக்கு அருகில் வைத்துவிடலாம். நடக்கக் கால் அருகே வெளிச்சம் இருந்தால் போதும், தலைக்கு மேல் எட்டு விளக்கு எதற்கு? எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

நீளவிளக்கு

இங்கேயே கேட்டுவிடுகிறேன். எங்களிடம் இருப்பது 24 வோல்ட் ஸ்ட்ரிப் லைட். சுவர் டிம்மர் இல்லை, அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் ஒரு சிறு கன்ட்ரோலர், ரிமோட்டில் குறைக்கலாம். குறைத்தால் அடாப்டர் கீச்சென்று ஒரு மெல்லிய ஒலி எழுப்புகிறது. மங்கலொளி சொல்லும் உறுமல் மாதிரி இல்லை.

அரைச்சுற்று

அது வேறு வகை. அந்தக் கன்ட்ரோலர் அரைச்சுற்றை வெட்டுவதில்லை, நேர்மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு அனுப்புகிறது. பிடபிள்யூஎம் என்பார்கள். நொடிக்கு 1,000 முறை விட்டால் அடாப்டரில் உள்ள சுருளும் கெப்பாசிட்டரும் அதே 1,000 ஹெர்ட்ஸில் அதிரும், அது காதுக்கு மிக நன்றாகக் கேட்கும் சுருதி. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், ஆகவே அதற்கு மேல் வேலை செய்யும் கன்ட்ரோலரை வாங்கினால் ஒலி காதுக்கு எட்டாது. ஸ்ட்ரிப்பின் வாட்டைவிடக் கொஞ்சம் பெரிய, நல்ல அடாப்டரும் உதவும்.

பேனல் லைட் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். தனி டிரைவர் உள்ள பேனலில், டிரைவரின் மேல் 0–10 வோல்ட் என்றோ டாலி என்றோ (இரண்டும் தனிக் கம்பி வழியாக வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் முறைகள்) இருந்தால் அதற்குக் கட்டுப்பாட்டுக் கம்பி தனியாக வரும். சுவர் டிம்மரை மின்சார வழியில் மாட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும், டிரைவரும் கெடலாம்.

மங்கலொளி

மாற்றியாகிவிட்டது. ட்ரெய்லிங் எட்ஜ், எல்இடிக்கு 5 முதல் 100 வாட். பெட்டியில் நியூட்ரல் இருந்தது, அதையும் சேர்த்து எலக்ட்ரீஷியன் மாட்டினார்.

துடிப்பு அறவே இல்லை. எட்டில் ஏழு விளக்குகள் எந்த நிலையிலும் சத்தம் போடவில்லை. சோபாவுக்கு மேலே இருந்த இரண்டில் ஒன்று மட்டும் பாதி வெளிச்சத்தில் மெல்ல முனகியது. அதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிப் பார்த்தேன், முனகல் அதோடேயே போனது. அந்தப் பல்பைக் கடையில் கொடுத்து மாற்றிவிட்டேன், அதே வகையில்தான். ட்ரிம் திருகைச் சற்று ஏற்றி வைத்திருக்கிறோம். இரவுக்கு அரைச்சுற்று சொன்னபடி தரைக்கு அருகில் தனி விளக்கு போட்டாகிவிட்டது, அம்மாவுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. டிம்மரைத் தொட்டால் லேசாகச் சூடாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

செம்புக்கம்பி

லேசான சூடு இயல்பு, உள்ளே ஓடும் மின்சாரத்தில் கொஞ்சம் வெப்பமாகத்தான் போகும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் தவறு. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று டிம்மர்களை ஒட்டி மாட்டியிருந்தால் ஒவ்வொன்றின் வாட் அளவையும் குறைத்துக் கணக்கிட வேண்டும், எவ்வளவு என்று கூட வரும் தாளில் இருக்கும். அதே வகைப் பல்பை மாற்றி வாங்கியது நல்லது. ஒரே டிம்மரில் இரண்டு மூன்று கம்பெனிப் பல்புகளைக் கலந்தால் ஒன்று முந்தி அணையும், ஒன்று இரையும்.

பின்கட்டு

மாடிப்படிக்கு மேலும் கீழும் இரண்டு டிம்மர் வைக்கலாமா? இரண்டு இடத்திலிருந்தும் குறைக்க வேண்டும்.

வைண்டிங்

ஒரே விளக்குக்கு இரண்டு சாதாரண டிம்மர்களைத் தொடராக மாட்டக் கூடாது. ஒன்று ஏற்கெனவே வெட்டிய மின்சாரத்தை இன்னொன்றால் சரியாக வெட்ட முடியாது, சத்தமும் துடிப்பும் வரும். ஓரிடத்தில் டூ-வே டிம்மர், மற்ற இடத்தில் சாதாரண டூ-வே சுவிட்ச் வைத்தால் இரண்டு இடத்திலும் போட்டு அணைக்கலாம், குறைப்பது ஓரிடத்தில் மட்டும். இரண்டு இடத்திலும் குறைக்கத்தான் வேண்டும் என்றால், முதன்மை டிம்மரோடு இணைந்து வேலை செய்யும் துணைப் பொத்தான் அதே கம்பெனியில் கிடைக்கும், அதை வாங்க வேண்டும். பொத்தானுக்கும் டிம்மருக்கும் இடையே ஒரு கம்பி கூடுதலாக ஓட வேண்டியிருக்கலாம், சுவரைப் பூசும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தேக்குமேசை

பல்பை மாற்றிய பிறகு எங்கள் வீட்டில் சத்தம் போய்விட்டது என்றேன் அல்லவா. உறவினர் வீட்டில் தினமும் மாலையில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் சில நிமிடங்கள் இரைந்துவிட்டு நின்றுவிடுகிறதாம். அவர்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். டிம்மர் ட்ரெய்லிங் எட்ஜ்தான்.

அரைச்சுற்று

அந்த நாட்டில் என்றால் மின்சாரக் கம்பெனி அனுப்பும் சமிக்ஞையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெந்நீர்க் கொதிகலன் போன்றவற்றைக் கட்டணம் குறைந்த நேரத்தில் போட்டு அணைக்க, மின்கம்பி வழியாகவே 750 அல்லது 1050 ஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசையில் ஒரு குறியீட்டை அனுப்புவார்கள். டிம்மர் அரைச்சுற்று எங்கே தொடங்குகிறது என்று பார்த்துத்தான் வெட்டுகிறது. இந்தக் குறியீடு மேலே ஏறும்போது அந்த இடம் தடுமாறுகிறது, விளக்கு இரையும், மின்னும். அதைச் சமாளிக்க வடிகட்டி உள்ள டிம்மர்கள் அங்கே கிடைக்கின்றன, தனி வடிகட்டியும் உண்டு. எந்த நேரத்தில் வருகிறது என்று அவர்களைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நாள்தோறும் ஒரே நேரம் என்றால் எலக்ட்ரீஷியனிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர் நன்றாக இருக்கும் டிம்மரைக் கழற்றிவிடுவார்.